கஜானி திருப்பி அனுப்பிய டப்பா

துபாய் சோனாப்பூரில் ஒரு தொழிலாளர் கேம்பில் நானூறு பேருக்குச் சோறு போடுகிற சமையல்காரன் நான். பெயர் ராமையா, ஊர் அறந்தாங்கிப் பக்கம். கஜானி என்ற பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள்தான் என் உயிரைக் காப்பாற்றியவள். எப்படிக் காப்பாற்றினாள் என்றால், என் பெயரில் போன மலத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லிக் காப்பாற்றினாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நானும் சிரித்தவன்தான், சாகாமல் பிழைத்த பிறகு.

கஜானிக்கு ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரி. அப்பா தியாகராசா பஸ் ஓட்டுகிறவர். அம்மா சுந்தரம்பாள். ஊரில் லேப் படிப்புப் படித்துவிட்டு, முதலில் அஜ்மானில் ஒரு சின்ன கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலைக்கு வந்தாள். பிறகு துபாய் தேராவில் ஒரு லேபுக்கு மாறினாள். அங்கே எல்லா மேசைக்கும் ஆள் இருந்தார்கள், மலம் பார்க்கிற மேசைக்கு மட்டும் ஒருவரும் நிலைக்கவில்லை. "நான் செய்யிறன்" என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

அஜ்மானில் வாடகை குறைவு என்பதால் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒரே ஃபிளாட்டில் அவளும் இன்னும் மூன்று பெண்களும். அவர்கள் இவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் சமைக்கும் முறை வரும் நாளில் மட்டும், "நீ விடு கஜானி, நாங்கள் பாக்கிறம்" என்று அந்தப் பெண்கள் அவளை அடுப்புப் பக்கம் விடமாட்டார்களாம். ஊரில் சுந்தரம்பாள் அம்மா அக்கம்பக்கத்தில், "மகள் டுபாயில ஆராய்ச்சி செய்யிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே பதில்தான். "என்னத்தை ஆராயிறாள் எண்டு ஆரும் கேட்டால் அம்மா கதையை மாத்திப் போடுவா" என்று கஜானி சொல்லிச் சிரித்தாள். இதெல்லாம் அவளே பின்னால் எனக்கும் என் மனைவி கனகாவுக்கும் சொன்னது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஜூன் மாதத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கேம்ப் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டேன். வீக்கம் குறைந்தது, வலி கொஞ்சம் மிச்சம் இருந்தது. கேம்பில் ஒவ்வொருவனுடைய பெட்டியிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துக்கடை ஒன்று இருக்கும். லீவு முடிந்து வருகிறவன் ஊறுகாயோடு மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டுதான் வருவான். என் ரூமில் அன்பரசன் என்று ஒருவன், ஜெயங்கொண்டத்துக்காரன், சைட்டில் சென்ட்ரிங் வேலை. அவன் தன் பெட்டியைத் திறந்து, "இது செம பவர்ணே, ரெண்டு அட்டையும் போட்டு முடிங்க" என்று கொடுத்தான். போட்டு முடித்தேன். பல்வலி போயே போய்விட்டது.

கொஞ்ச நாளில் வயிறு பிடுங்கிக்கொண்டது. முதல் நாள் சூடு என்று நினைத்தேன். அடுத்த நாள் மோர் குடித்தேன், மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தேன், வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையையும் அன்பரசனின் பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டேன். எதற்கும் அடங்கவில்லை. தண்ணீராகப் போனது, சளி போனது, லேசாக ரத்தமும் தெரிந்தது. காய்ச்சல் வந்தது. வயிறு உப்பிக்கொண்டு, தொட்டால் உயிர் போனது.

ஆனால் நோயைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சமையல்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் வெளியில் சொல்ல முடியுமா? தையல்காரன் சட்டை கிழிந்தால் சிரிப்போடு போகும். சமையல்காரன் வயிறு கெட்டால் நானூறு பேர் தட்டைத் தள்ளிவிடுவார்கள். எனக்கு உதவியாக இருக்கும் நேபாளியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, முதுகு வலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற கேம்பில் யாருக்கும் தெரியாமல் பாத்ரூம் ஓடிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் நர்ஸ் ரஹீமா பீவி, கீழக்கரைக்காரர். அவரிடம் மறைக்க முடியாது. என் முகத்தைப் பார்த்ததுமே, "ராமையா அண்ணே, முதுகு வலிக்காரன் மூஞ்சியா இது?" என்று பிடித்து டாக்டர் முன்னால் உட்காரவைத்தார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மாறியது. நிறுத்துகிற மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். மலத்தில் ஒரு நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நாளைக் காலையில் கொண்டு வா, என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

அந்த டப்பாதான் எல்லா வினைக்கும் காரணம். கேம்பில் டப்பா என்றால் மெடிக்கல் என்று அர்த்தம். மெடிக்கல் என்றால் ஃபிட் இல்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அர்த்தம். உண்மை எவ்வளவு, புரளி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, பயம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவனுக்குச் சர்க்கரை என்று சந்தேகம் வந்தால், இன்னொருவன் தன் மூத்திரத்தைக் கொடுத்து உதவுவான். சார்ஜர் கொடுப்பதைப் போல, கல்யாணத்துக்குப் போட நல்ல சட்டை கொடுப்பதைப் போல அதுவும் ஒரு உதவி. வாங்கியவன் மறக்க மாட்டான்.

மறுநாள் காலையில் டப்பாவை நிரப்பி, பையில் சுற்றி, "கிளினிக்ல குடுத்துட்டு பஸ் ஏறுப்பா" என்று அன்பரசனிடம் கொடுத்தேன். அவன் அன்று சைட் பஸ்ஸை விட்டுவிட்டான் என்பது எனக்குத் தெரியாது.

அன்று மதியம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். நான் இருந்த இடம் பாத்ரூம்.

"ஹலோ, ராமையாவோட கதைக்கலாமோ?"

"நான்தாம்மா பேசுறேன்."

"அண்ணை, நான் லாப்பில இருந்து கஜானி கதைக்கிறன். கிளினிக் நர்ஸ்தான் நம்பர் தந்தவ. ஒரு விசயம் கேப்பன், வெக்கப்படாமச் சொல்லோணும். உங்களுக்கு இப்பவும் வயித்தால போகுதோ?"

முன்பின் தெரியாத ஒரு பெண் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ரஹீமா பீவி பெயரைச் சொன்னதால் வைக்கவில்லை.

"போகுதும்மா."

"எப்பிடிப் போகுது?"

"தண்ணியாட்டம்."

"அப்ப எனக்கு வந்தது உங்கட இல்லை."

"என்னதும்மா என்னுது இல்ல?"

"அண்ணை, தண்ணி மாதிரிப் போறவற்ற எண்டால் டப்பாவுக்குள்ள டப்பாவின்ர வடிவத்தில நிக்கோணும். இது தன்ர வடிவத்திலயே இருக்கு. நல்ல சுகமான ஆள் ஒராளின்ர. உண்மையைச் சொல்லுங்கோ, ஆரின்ர இது?"

எனக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. நான் கொடுத்தது என்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடம்பு நடுங்குகிற காய்ச்சலில், பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு, என் மலம் என்னுடையதுதான் என்று ஒரு பெண்ணோடு சண்டை போட்டேன். இப்படியொரு சண்டை உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சரி அண்ணை, கொண்டு போனவரைக் கேளுங்கோ. நான் லைனில நிக்கிறன்" என்றாள்.

அன்பரசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இந்த நேரத்தில் சைட்டில் இருக்க வேண்டியவன். என்னைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான்.

"டேய், டப்பாவ என்னடா பண்ணுன?"

"கோவப்படாதீங்கண்ணே. ஒங்களுதுல ரத்தம் மாதிரி சளி சளியா கெடந்துச்சு. அத அப்புடியே குடுத்தா ஃபெயில் ஆக்கிப்புடுவான். சமையக்காரனுக்கு வயித்துல பூச்சின்னா நேரா ஏர்போர்ட்டுதான். அதான்..."

"அதான்?"

"என்னுது எப்பவும் சுத்தமா இருக்கும்ணே."

பலம் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். போனில் கஜானி அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. உடனே நிறுத்திக்கொண்டாள். "அவரை ஏசாதேங்கோ அண்ணை" என்றாள். "எனக்கு இப்ப உங்கட வேணும். உங்கட மட்டும்தான் வேணும். இது பாஸ், ஃபெயில் பாக்கிற டெஸ்ட் இல்லை. உங்களை ஊருக்கு அனுப்புறதுக்கு இல்லை, உங்களை இருக்க வைக்கிறதுக்கு. நாங்கள் தேடுற நஞ்சு சூட்டில நிக்காது, வெளியில வச்சால் கொஞ்ச நேரத்தில அழிஞ்சு போயிடும். ஐசில வச்சு உடன கொண்டு வரச் சொல்லுங்கோ. நான் போகாம நிப்பன்."

வெளியே ஜூலை வெயில். அன்பரசன் கிச்சனுக்கு ஓடி, நான் மீனுக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் கிச்சன் பெட்டியை அதற்கு எடுப்பதா என்று அந்த நிலையிலும் கத்தினேன். அவன் கேட்கவில்லை. கிளினிக்கில் வாங்கி நான் நிரப்பிக் கொடுத்த புது டப்பாவைப் பைக்குள் பையாகச் சுற்றி, ஐஸுக்கு நடுவில் வைத்து, டாக்ஸி பிடித்து, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு தேராவுக்குப் போனான். டாக்ஸிக்காரர் மீனா என்று கேட்டாராம். ஆமாம் என்றானாம். அந்தப் பெட்டி பிறகு கிச்சனுக்குத் திரும்பவில்லை, குப்பைக்குப் போனது.

லேபில் என்ன நடந்தது என்பதைக் கஜானி பின்னால் விளக்கினாள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு. அதில் மலத்தை மருந்துத் தண்ணீரில் கலந்து சில சொட்டுகள் விடுவாள். காத்திருந்து, கழுவி, இன்னொரு மருந்தை விடுவாள். தட்டில் நீலக்கோடு வர வேண்டும். ஒரு பக்கத்துக் கோடு கிருமி இருக்கிறது என்று சொல்லும். மறுபக்கத்துக் கோடு நஞ்சு இருக்கிறது என்று சொல்லும். நடுவில் வருவது சோதனை ஒழுங்காக ஓடியதா என்பதற்கு. அன்பரசனை வாசலில் உட்காரவைத்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் வந்தன. நஞ்சுக் கோடு நல்ல அழுத்தமாக வந்ததாம்.

"கிருமி எண்டு பயப்பிடாதேங்கோ. அது கன பேற்ற குடலுக்குள்ள சும்மா கிடக்கும்" என்று சொன்னாள். "மற்ற நல்ல கிருமியள் இருக்கிற வரைக்கும் அது தலை தூக்காது. நீங்கள் அட்டை அட்டையா விழுங்கி நல்லதுகளைச் சாக்காட்டிப் போட்டீங்கள். வீடு காலியாக, இது நஞ்சைக் கக்கத் தொடங்கிட்டுது. ஆளைக் கொல்லுறது கிருமி இல்லை, அந்த நஞ்சு. அதாலதான் அதைத் தேடுறம்."

நான் பல்வலிக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் குடலையே காலி செய்திருக்கிறேன். அந்த நஞ்சோ டாக்ஸி சூட்டைக்கூடத் தாங்காத நோஞ்சான். என் வயிற்றுக்குள் மட்டும் ராஜாவாக இருந்திருக்கிறது.

கஜானி காகிதம் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை, டாக்டரை நேராகப் போனில் பிடித்தாள். சாயங்காலமே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தனி ரூம், கையுறை போட்ட நர்ஸுகள், இந்தக் கிருமிக்கென்றே உள்ள வேறு மருந்து. குடல் வீங்கிக் காற்றடைத்துக் கிடப்பதைப் படம் எடுத்துக் காட்டிய பெரிய டாக்டர், இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் குடல் வெடித்து, அறுத்து எடுக்க வேண்டி வந்திருக்கும், அதற்கும் நேரம் இருந்திருக்குமா தெரியாது என்றார். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கனகா முகமும், கல்லூரியில் சேரக் காத்திருக்கும் மகள் முகமும் மாறி மாறி வந்தன.

யோசித்துப் பாருங்கள். கெட்டியான மலத்தில் இந்தச் சோதனை செய்வதில்லை என்பது லேப் விதி. கஜானி "தகுதியற்றது" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தால் அவள் வேலை முடிந்தது. கிளினிக்கில் வயிறு சரியாகிவிட்டது போல என்று விட்டிருப்பார்கள். நானும் தப்பித்தேன் என்று மாதுளைத் தோலைக் குடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். அன்பரசனுடைய சுத்தமான அன்பு என்னைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கும். அவள் திருப்பி அனுப்பினாள், ஆனால் அதோடு விடவில்லை. ஏன் போன் பண்ணினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஏதாவது பெரிய காரணம் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "இவ்வளவு நல்லாப் போற ஆளுக்கு ஏன் இந்த டெஸ்ட் எண்டு யோசிச்சன் அண்ணை" என்றாள். அவ்வளவுதான்.

உடம்பு தேறிக் கேம்புக்குத் திரும்பினேன். முதல் காரியமாகக் கனகாவைக் கஜானியோடு போனில் பேசவைத்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். கனகா அன்று முதல் அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்கிறாள். கஜானி பேசுவது பாதி புரியவில்லை என்பாள், ஆனாலும் வாரம் தவறாமல் பேசுவாள்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விஷயம் கேம்ப் முழுவதும் பரவிவிட்டது. சமையல்காரன் வயிற்றில் விஷக்கிருமி. கேம்பை நடத்துகிற பாஸ் மஹ்மூது, பெஷாவர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். டாக்டர் கொடுத்த ஃபிட் சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ராமையா பாய், சீட்டு டீக் ஹை. லேக்கின் ஆள் எல்லாம் சாப்பிட மாட்டேன் சொல்றான். லேப் ரிப்போர்ட் கொண்டா, நெகட்டிவ். ஃபிர் கிச்சன் போ. இல்லேன்னா நான் என்ன செய்ய? வேற குக் பார்க்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மெஸ் ஹாலில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. என் கையால் பத்து வருஷமாகத் தின்றவர்கள், நான் டம்ளரில் தண்ணீர் மொண்டால் அந்த டம்ளரைத் தொடாமல் போனார்கள். கிச்சனுக்குள் விடாமல் என்னைத் துணி துவைக்கிற மெஷின் பக்கம் போட்டார்கள். உள்ளே நேபாளி வைக்கிற குழம்பின் வாசனை வரும். கடுகைக் கருகவிடுகிறான் என்று மூக்குக்குத் தெரியும், கைதான் போகாது. உயிர் பிழைத்தது எதற்கு என்று அந்த நாட்களில் நினைத்ததுண்டு. வேறு குக் வந்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை? எனக்குத் தெரிந்தது சோறு வடிப்பது ஒன்றுதான்.

சரி, ரிப்போர்ட்தானே, கஜானி இருக்கிறாளே என்று கிளம்பினேன். புது டப்பா வாங்கி, இந்த முறை அன்பரசன் கண்ணில்கூடக் காட்டாமல், நானே எடுத்துக்கொண்டு தேராவுக்குப் போனேன். அவளை நேரில் பார்த்தது அன்றுதான். ஒல்லியான பெண், கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சுகமாக இருக்கிறேனா என்று நாலு தரம் கேட்டாள். விஷயத்தைச் சொல்லி டப்பாவை நீட்டினேன்.

"இது சத்தியமா என்னுதும்மா."

உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு டப்பாவை என் பக்கமே தள்ளினாள்.

"இதையும் நான் எடுக்க மாட்டன் அண்ணை."

"ஏம்மா?"

"நீங்கள் சுகமாயிட்டீங்கள். சுகமான ஆளின்ரயச் சோதிக்கக் கூடாது. கிருமி இன்னும் கொஞ்சக் காலம் உள்ளுக்கச் சும்மா கிடக்கும். கோடு வந்தாலும் வரும். உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இருக்காது, ஆனா அந்தக் கோட்டை வச்சு உங்களைத் துரத்திப் போடுவினம். நான் அதுக்குக் கை குடுக்க மாட்டன்."

"வராமலும் போகலாம்ல? பாத்துத்தான் குடுங்களேன்."

"வராட்டிலும் அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை அண்ணை."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அன்னிக்கு வேணாம்னீங்க, உசுரு பொழைச்சேன். இன்னிக்கும் வேணாம்னா என் பொழப்புல மண்ணு விழுந்துரும்மா. ஒரு காயிதம், அதுதானே கேக்குறேன்?" என்று சத்தம் போட்டேன். வரவேற்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண் கலங்கியது, ஆனாலும் அசையவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

கனகாவிடம் போனில் புலம்பினேன். அவள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "ஒங்க உசுர மீட்டுக் குடுத்தவ மேலயே எரிஞ்சு விழுந்துட்டு வந்துருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசனா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேம்புக்கு லீவு. ரஹீமா பீவி கை கழுவுவது பற்றி மெஸ் ஹாலில் பேச வருகிறார், எல்லாரும் வர வேண்டும் என்று மஹ்மூது மைக்கில் சொன்னார். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ரஹீமா பீவியோடு கஜானியும் உள்ளே வந்தாள். அவளுக்கு இருக்கிற ஒரே ஒரு லீவு நாள் அது. அஜ்மானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

நானூறு ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள். பிறகு தமிழும் அரைகுறை இந்தியுமாகப் பேசினாள். கையில் பூசுகிற ஜெல்லுக்கு இந்தக் கிருமியின் விதை சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும் என்றாள். பெட்டியிலிருந்து எடுத்து ஆளாளுக்கு மாத்திரை கொடுக்காதீர்கள் என்றாள். அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஜயபாஸ்கர் என்ற ஃபோர்மேன் எழுந்தான். "மேடம், அதெல்லாம் சரி. எங்க குக்குக்கு ரிப்போர்ட் நெகட்டிவா, அதச் சொல்லுங்க."

"ரிப்போர்ட் இல்லை. நான் தரவும் மாட்டன்" என்றாள் கஜானி.

ஹால் முழுக்கச் சலசலப்பு. இருந்த கொஞ்ச வழியையும் அடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் மஹ்மூதைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார், நான் காலமையில இருந்து சாப்பிடேல்லை. இவர் சமைக்கட்டும். சாப்பிட்டிட்டுத்தான் பஸ் ஏறுவன்."

அவள் தமிழ் மஹ்மூதுக்குப் பிடிபடவில்லை, ரஹீமா பீவி அதை இந்தியில் சொன்னார். மஹ்மூது என்னைப் பார்த்தார், டாக்டர் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொரு முறை பார்த்தார், யல்லா என்று கிச்சன் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லாரும் பார்க்க, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். நேபாளி சோறு வடித்து வைத்திருந்தான். நான் புளி கரைத்தேன். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். முட்டைக்கோஸைப் பொரித்தேன். எத்தனையோ கல்யாணத்துக்கு வைத்த கை, அன்று உப்பை இரண்டு தரம் அளந்து போட்டது. குழம்பு கொதித்து வாசனை ஹாலுக்குப் போனதும் பேச்சு குறைந்தது.

கஜானி நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தட்டை வைத்துச் சோறு போட்டேன், குழம்பை ஊற்றினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அன்னிக்குச் சத்தம் போட்டுட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்காதது போலச் சோற்றைப் பிசைந்தாள். என் குடலுக்குள் இருந்த நஞ்சை நீலக்கோடாகக் கண்ணால் பார்த்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அவள் அந்த உருண்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "உறைப்புக் காணாது. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

காரம் போதாதாம். எங்கோ ஒருவன் சிரித்தான். அன்பரசன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மஹ்மூது வந்தார். விஜயபாஸ்கர் கொஞ்சம் தயங்கிவிட்டு வந்தான். பிறகு யார் யார் வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றதால் தட்டு மட்டும்தான் தெரிந்தது. கரண்டியை முக்கி முக்கி ஊற்றிக்கொண்டே இருந்தேன். குழம்பு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வரிசை கதவுக்கு வெளியே வெயிலில் நின்றது. கொஞ்சம் பொறுங்கள், இதோ ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, இன்னொரு அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.